“சாமி இருக்காரா, அண்ணே?”

போன மாதம் ஒரு நாள், அந்தி நேரம். சுங்காய்ப் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். செம்பனைக் குலை வெட்டப் போன ஒரு தம்பி வேலைக்காட்டிலேயே விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். வயது முப்பத்தாறு. மனைவியும் மூன்று பிள்ளைகளும் நிற்கிறார்கள். கடைசிப் பிள்ளைக்கு இன்னும் ஆயாக்கொட்டகை வயசுதான்.

சொக்சோ பாரங்களைத் தூக்கிக்கொண்டு நாம் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மரண சர்ட்டிபிகேட், கல்யாண சர்ட்டிபிகேட், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். அந்தத் தங்கை கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் முடிந்து நாம் எழுந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சாமி இருக்காரா, அண்ணே? இருந்தா எங்களுக்கு எதுக்கு இப்படிச் செய்யணும்?”

வீட்டுச் சுவரைப் பார்த்தோம். இயேசுவின் திரு இருதயப் படம் ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே மாமியார் மாட்டிய மாரியம்மன் படம் ஒன்று. இரண்டுக்கும் பூ வைத்திருந்தது. பூ வாடிப்போயிருந்தது.

இருபது வருஷமாகச் சங்க வேலை பார்க்கிறோம். லீவு எத்தனை நாள், ஓவர்டைம் எப்படிக் கணக்குப் போடுவது, நிர்வாகம் நோட்டீஸ் கொடுத்தால் யாரிடம் போவது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. “தைரியமா இரு தங்கச்சி” என்று எதையோ முனகிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தோம். ஆனால் கேள்வி நம்மோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டே வந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகும் இறங்கவில்லை.

தொழிலாளத் தோழர்களே, இந்த வாரம் கூலிக் கணக்கைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்தத் தங்கை கேட்டதைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். நாம் வேதம் படித்த ஆள் கிடையாது, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள்தான். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரு பாட்டியை இதே சுங்காயில் நமக்குத் தெரியும். அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்லிக் கொடுத்த ஒரு அம்மையாரை இந்தப் பேராக் மாநிலமே அறியும்.

லயத்தில் ஒலித்த செபமாலை

நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தபோது மூட்டையோடு சாமியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலோர் மாரியம்மனையும் முனீஸ்வரனையும் கொண்டுவந்தார்கள். சிலர் மாதா சுரூபத்தைக் கொண்டுவந்தார்கள். பாகான் செராயில் 1880-களில் ஃபே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றிய இடத்துக்குச் சூசைப்பாளையம் என்றே பெயர். ஈப்போ சிலிபினில் லூர்து மாதா கோவில் இருக்கிறது. ஜூலை 26 வந்துவிட்டால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நம் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போகிறவர்களில் கிறிஸ்தவர் எத்தனை பேர், இந்துக்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாளில் உபதேசியார்தான் எல்லாம். அவரும் நம்மைப் போல மரம் வெட்டுகிற ஆள்தான். காலையில் காண்டா வாளி தூக்கிய தோளில் மாலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, லயத்து வாசலில் நாலு பேரைக் கூட்டி வைத்து செபம் சொல்லுவார். சாவு விழுந்தால் அவர்தான் முன்னால் நிற்பார்.

நாம் சொல்ல வந்த பாட்டி அப்படியொரு உபதேசியாரின் மகள். பத்து காஜா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, சுதந்திரம் வந்த 1957-ல் சுங்காய்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஆறு பிள்ளை பெற்று இரண்டைக் குழிக்குக் கொடுத்தவர். புருஷன் நெஞ்சுவலியில் போனார். நடு மகன் டிரங்க் ரோட்டு விபத்தில் போனான். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பாட்டி தினமும் இரவு ஏழு மணிக்குச் செபமாலையைக் கையில் எடுத்துவிடுவார். பக்கத்து வீட்டில் டிவி அலறினாலும் சரி, எதிர் வீட்டில் சம்சு போட்டுவிட்டுச் சண்டை நடந்தாலும் சரி, பாட்டியின் செபம் நிற்காது.

நாம் அப்போது இளம் ஆள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த வேகம். கடவுள் என்று சொன்னாலே, “பொறுத்துக்கோ, எல்லாம் தலையெழுத்து” என்று தொழிலாளியைத் தட்டித் தூங்க வைக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் பாட்டியிடம் வாய்த்துடுக்காகவே கேட்டோம்.

“ஏன் பாட்டி, இம்புட்டுச் செபம் பண்றீங்களே, சம்பளம் ஒரு வெள்ளி கூடிச்சா?”

பாட்டி கோபப்படவில்லை. “கூடலய்யா. ஆனா நீ சம்பளம் கேக்கக் கூப்புடுறப்ப எந்திரிச்சி வர்றதுக்குக் காலுல தெம்பு வேணுமில்ல? அதுக்குத்தான்” என்றார். பிறகு, “ஒனக்குப் பாப்பான் அம்மா கதை தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது என்றோம். பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி சொல்லக் கேட்டோம். பின்னர் நாமே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டோம்.

பாப்பான் கிளினிக்

ஈப்போவிலிருந்து லகாட் வழியாகப் போனால் பாப்பான் என்று ஒரு சின்னப் பட்டணம். ஒரு காலத்தில் ஈயம் கொழித்த ஊர். அங்கே மெயின் ரோட்டில் 74-ஆம் எண் கடைவீட்டில் கிளினிக் நடத்தியவர்தான் சிபில் கார்த்திகேசு அம்மையார்.

அவர் 1899 செப்டம்பர் 3-ஆம் தேதி சுமத்ராவில் உள்ள மேடான் நகரில் பிறந்தவர். யூரேசியப் பெண்மணி, பிறவியிலேயே கத்தோலிக்கர். நர்சாகவும் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றவர். சீனர்களோடு கேண்டனீஸ் மொழியில் சரளமாகப் பேசுவார். அவர் கைப்பிடித்த கணவர் நம் தமிழர். தைப்பிங்கில் ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்ற பெயரில் பிறந்து, கிறிஸ்தவராகி, அப்தோன் கிளமென்ட் கார்த்திகேசு என்று பெயர் பெற்ற டாக்டர். 1919-ல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் புனித யோவான் ஆலயத்தில் கல்யாணம் நடந்தது.

அதே வருஷம் ஆகஸ்டில் தலைப்பிள்ளை பிறந்தது. ஆண் குழந்தை. ஒரு முழு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அம்மையார் வாழ்க்கையில் பட்ட முதல் பெரிய அடி அது. பிறகு வில்லியம் என்ற பையனைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். ஓல்கா, டோன் என்று இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். 1926 முதல் ஈப்போ புருவ்ஸ்டர் ரோட்டில் கணவனும் மனைவியுமாகக் கிளினிக் நடத்தினார்கள். அந்த ரோடுதான் இன்றைக்கு ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். ஈப்போ விழுவதற்குச் சில நாள் முன்னதாகக் குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த மாதம், 1942 ஜனவரி 7-ஆம் தேதி, நம் சுங்காய்க்குத் தெற்கே துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரைக்கும் ஜப்பான் டாங்கிகள் புகுந்து விளையாடிய கதை நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் படை சிதறி ஓடிய ரோடு நாம் தினமும் சந்தைக்குப் போய்வருகிற அதே டிரங்க் ரோடுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். துணி இல்லை, மருந்து இல்லை. தோட்டம் தோட்டமாக லாரி வந்து நின்றது. நம் ஆட்களை ஏற்றிச் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் – பர்மா பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, அதன் ஓரத்தில் பல்லாயிரம் தமிழர்கள் மண்ணாகிப் போயிருந்தார்கள். பாட்டியின் சித்தப்பாவும் அதில் ஒருவர். போனவர் போனவர்தான்.

அந்தக் காலத்தில் மலையில் இருந்துகொண்டு ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், குண்டடிபட்டும் காய்ச்சல் வந்தும் இரவோடு இரவாகப் பாப்பான் வீட்டுப் பின்வாசலுக்கு வருவார்கள். அம்மையார் யார், எவர், எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. நோயாளி என்று வந்தவனுக்கு மருந்து கட்டினார். காட்டிக் கொடுத்தால் வெகுமதி கிடைக்கும், மறைத்தால் தலை போகும் என்று தெரிந்தே செய்தார். போதாததற்கு வீட்டில் ஒரு ரேடியோவை ஒளித்து வைத்து லண்டன் பி.பி.சி. செய்தியையும் கேட்டு வந்தார்கள். அந்த ரேடியோவுக்கு ‘ஜோசபின்’ என்று ரகசியப் பெயர்.

கெம்பித்தாய் கையில்

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? 1943 ஜூலைக் கடைசியில் டாக்டரைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் அம்மையாரையும் பிடித்தார்கள். கெம்பித்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பது அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுதவே கை கூசுகிறது. அடித்தார்கள். தண்ணீரை வயிறு முட்ட ஊற்றி மிதித்தார்கள். நகத்தைப் பிடுங்கினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் சுட்டார்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். “வந்தவர்கள் யார்? பெயரைச் சொல்.”

அம்மையார் சொல்லவில்லை.

கடைசியில் யோஷிமுரா என்ற சார்ஜன்ட், சின்னஞ்சிறு கடைக்குட்டி டோனைக் கொண்டுவந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினான். பெற்ற தாயைப் பார்க்க வைத்து இதைச் செய்தான். பிள்ளை உயிர் பிழைத்தது கடவுள் புண்ணியம். அப்போதும் அவன் கேட்ட பெயர்கள் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தாய்க்கு அத்தனை உறுதி எங்கிருந்து வந்தது? அவரே பின்னாளில் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார். ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற பெயரில் 1954-ல் வெளிவந்தது. கருணை ஒரு துளியும் இல்லை என்பது அந்தத் தலைப்புக்குப் பொருள். அதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று விளங்கும். அந்த இருட்டறையில் அம்மையாருக்கு இருந்த ஒரே பிடிமானம் செபம்தான். நானும் என் பிள்ளையும் ஆண்டவன் கையில் இருக்கிறோம் என்ற எண்ணம்தான்.

பிறகு ஆயுள் தண்டனை விதித்துப் பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். 1945-ல் ஜப்பான் சரணடைந்தபோதுதான் விடுதலை. நடக்க முடியாத நிலையில் இருந்தவரைச் சிகிச்சைக்காக விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1947-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ‘ஜார்ஜ் பதக்கம்’ அவருக்குக் கிடைத்தது. யோஷிமுரா போர்க்குற்ற விசாரணையில் தண்டிக்கப்பட்டுத் தூக்கில் தொங்கினான்.

ஆனால் கெம்பித்தாய்க்காரனின் பூட்ஸ் கால் உதையில் தாடையில் ஏற்பட்ட காயம் அம்மையாரை விடவில்லை. அந்தப் பழைய காயம் விஷமாகி ரத்தத்தில் கலந்து, 1948 ஜூன் 12-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள லானர்க்கில் கண்ணை மூடினார். வயது 48. அங்கே அடக்கம் செய்யப்பட்ட உடலை மறுபடி எடுத்துக் கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவந்து, 1949 மார்ச் 20-ல் ஈப்போ புனித மைக்கேல் ஆலயத்துக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். இன்றைக்கும் போனால் பார்க்கலாம். ஈப்போ ஃபேர் பார்க்கில் ஒரு ரோட்டுக்கும் அவர் பெயர் இருக்கிறது.

அந்த அடக்கத்துக்குத் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு போனதாகப் பாட்டி சொன்னார். அப்போது பதினோரு வயசு. “ரோட்டோரமா சனம்னா சனம் அப்பிடி. சீனரு, மலாய்க்காரரு, தமிழரு, வெள்ளைக்காரரு. எங்கப்பா அழுதாரு. எங்கப்பா அழுது நான் பார்த்தது அன்னிக்குத்தான்.”

பொறுமை என்றால் என்ன?

கதையைக் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கவில்லை. “சரி பாட்டி, அவ்வளவு பக்தியா இருந்த அம்மாவுக்குச் சாமி ஏன் அப்படி ஒரு கஷ்டத்தைக் குடுக்கணும்?” என்று மடக்கினோம்.

பாட்டி சிரித்தார். “சாமி குடுத்தாரா? ஜப்பான்காரன்ல குடுத்தான்!” என்றார்.

இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நாம் பல வருஷம் யோசித்திருக்கிறோம். நம் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மனுஷன் செய்த அநியாயத்தையெல்லாம் தூக்கி ஆண்டவன் தலையில் போட்டுவிடுவோம். கூலி குறைந்தால் தலைவிதி. ஓட்டை வீட்டில் மழை ஒழுகினால் கர்மம். பாதுகாப்பு இல்லாத வேலையில் ஆள் செத்தால் எமன் கூப்பிட்டுவிட்டான். செய்தவன் ஜாலியாகப் போய்விடுவான், பழி சாமி மேல்.

வேதாகமத்தில் யோபு என்று ஒரு மனுஷன் கதை வருகிறது. நல்லவன். மாடு போச்சு, மனை போச்சு, பெற்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் போச்சு, உடம்பெல்லாம் புண். மூன்று சிநேகிதர்கள் துக்கம் கேட்க வந்தார்கள். வந்தவர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லது. பிறகு வாயைத் திறந்தார்கள். “நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இப்படி” என்று ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். கடைசியில் ஆண்டவர் யாரைக் கோபித்துக்கொண்டார் தெரியுமா? அழுது புலம்பிக் கேள்வி கேட்ட யோபுவை அவர் தள்ளிவிடவில்லை. பாவம் பாவம் என்று வியாக்கியானம் செய்த சிநேகிதர்கள் மேல்தான் அவருக்குக் கோபம் வந்தது.

சாவு வீட்டில் நின்றுகொண்டு, “போன சென்மத்துப் பாவம்”, “அவ கால் வச்ச நேரம்” என்று பேசுகிற நம் ஊர் வாய்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இயேசுநாதரே சிலுவைக்குப் போவதற்கு முந்தின இரவு, கெத்செமனித் தோட்டத்தில், இந்தத் துன்பம் என்னை விட்டுப் போகக்கூடாதா என்று மன்றாடினாராம். வியர்வை ரத்தமாய்ச் சொட்டியதாம். ஆகவே, ‘வலிக்கிறது’ என்று சொல்வது நம்பிக்கை இல்லாத குணம் ஆகாது. ஆண்டவனிடமே முறையிடலாம். அதற்கு அவருடைய பிள்ளையே வழிகாட்டியிருக்கிறார்.

சங்கத்துக்காரன் கண்ணுக்குப் பட்ட கதை ஒன்றும் அந்த வேதத்தில் உண்டு. எகிப்து தேசத்தில் செங்கல் அறுக்கிற கூலிகளாக இருந்த சனங்களுக்காக மோசே என்பவர் பாரவோன் ராஜாவிடம் பேசப் போனார். ராஜா என்ன செய்தான்? செங்கலுக்குப் போட வேண்டிய வைக்கோலை இனிமேல் நீங்களே தேடிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கு ஒன்றுகூடக் குறையக்கூடாது என்றான். கணக்குக் குறைந்ததும் தண்டல்களுக்கு அடி. அடி வாங்கிய தண்டல்கள் ராஜாவை விட்டுவிட்டு மோசேயைத் திட்டினார்கள், “உன்னால்தான் இந்த வினை” என்று! நிறையைக் கூட்டிப் போட்டு, ஆளைக் குறைத்து, கேட்டால் சோம்பேறி என்கிற கதை நமக்குத் தெரியாததா? பேச்சுவார்த்தைக்குப் போன சங்கத்து ஆளைத் தொழிலாளியே வைதுவிட்டுப் போகிற கதையும் நமக்குத் தெரியும். அந்தச் சனங்களின் அழுகுரல் மேலே போய்ச் சேர்ந்தது, ஆண்டவர் அவர்கள் பக்கம் நின்றார் என்றுதான் வேதம் சொல்கிறது. பொறுத்துக்கொண்டு செங்கல் அறுத்துக் கொண்டிருங்கள் என்று சொல்லவில்லை.

பாட்டி எழுந்து நின்ற நாள்

இது வெறும் பேச்சில்லை என்பதை நாம் கண்ணால் கண்டோம். பதினேழு, பதினெட்டு வருஷம் இருக்கும். அந்தத் தோட்டத்தில் பால் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை போட்டார்கள். பிறகு நிலத்தில் ஒரு பகுதி கைமாறியது. வேலையை விட்டு நின்ற பழைய குடும்பங்கள் லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. பேச்சு வார்த்தைக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நாமும் கூடப் போனோம்.

முந்தின நாள் இரவு கள்ளுக்கடைப் பக்கம் வீரம் பேசிய ஆம்பிளைகள் பத்துப் பேர், ஆபீசுக்குள் போனதும் தரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கும் வாய் வரவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்தார். கையில் செபமாலை சுற்றியிருந்தது.

“தொரை, நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. அம்பது வருசம் ஒங்க மங்குல பால் ஊத்தியிருக்கேன். ரெண்டு பிள்ளைய இந்த மண்ணுலதான் பொதைச்சேன். போன்னு சொன்னா எங்க போவோம்னு நீங்களே சொல்லுங்க, போறோம்” என்றார்.

சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அதற்கப்புறம்தான் ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள்.

நினைத்ததெல்லாம் கிடைக்கவில்லை. பொய் சொல்ல மாட்டோம். வீட்டு நிலம் கேட்டோம், தரவில்லை. ஒரு வருஷத் தவணையும் வீடு மாற ஒரு தொகையும்தான் கிடைத்தன. ஆனால் மறு வாரமே சாமான்களை ரோட்டில் போடுவோம் என்று வந்த நோட்டீஸ் நின்றது. அந்த ஒரு வருஷத்தில் பல குடும்பங்கள் பட்டணத்தில் மலிவு வீடு பார்த்து மாறிக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் படிப்பும் கெடவில்லை.

திரும்பி வரும்போது பாட்டியிடம் கேட்டோம், “பயமா இல்லியா?”

“பயந்தான். உள்ள பூரா செபந்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மறுபடி சொன்னார். “பாப்பான் அம்மா வாயத் தொறக்காம இருந்து நாலு பேர காப்பாத்துனாங்க. நாம வாயத் தொறந்துதான் காப்பாத்தணும். எங்க மூடணும், எங்க தொறக்கணும்னு தெரியுற புத்தியத்தான்யா நான் தெனமும் மாதாகிட்ட கேக்குறேன்.”

அன்றைக்கு நமக்கிருந்த ஒரு கர்வம் உடைந்தது. சாமி கும்பிடுகிறவன் கோழை, கொடி பிடிக்கிறவன்தான் வீரன் என்று நினைத்திருந்தோம். அன்று எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றது செபமாலை பிடித்த கைதான். நாம் இன்றைக்கும் எத்தனையோ கூட்டத்தில் பேசுகிறோம். அந்தப் பாட்டியைவிடச் சுருக்கமாகவும் நன்றாகவும் நம்மால் பேச முடிந்ததில்லை. சில வருஷம் கழித்து, தூக்கத்திலேயே பாட்டி போய்ச் சேர்ந்தார்.

தங்கைக்கு ஒரு பதில்

இனி, அந்தத் தங்கையின் கேள்விக்கு வருவோம்.

அம்மா, உன் புருஷனைச் சாமி எடுத்துக்கொண்டார் என்று நாம் சொல்ல மாட்டோம். வேலைக்காட்டில் என்ன நடந்தது, பாதுகாப்பு ஏற்பாடு சரியாக இருந்ததா என்று கேட்பது சங்கத்தின் வேலை. கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1969-ஆம் வருஷச் சட்டப்படி வேலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சொக்சோ மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும். அதில் ஐந்தில் மூன்று பங்கு உனக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. அது பிச்சையில்லை. உன் புருஷன் பேரில் மாதாமாதம் கட்டிய சந்தாவின் பயன். வாங்குவதற்குக் கூச்சப்படாதே. உதவி செய்கிறேன் என்று சொல்லிக் கொண்டு அதில் கமிஷன் கேட்டு எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. அவசரத்துக்கு வட்டிக்காரனிடம் மட்டும் போகாதே.

‘சாமி இருக்காரா’ என்று நீ கேட்டது பாவமில்லை. யோபுவும் கேட்டான். சிலுவையில் தொங்கியவரும் கேட்டார். கேள்வி கேட்கிற வரைக்கும் உறவு அறுந்துபோகவில்லை என்றுதான் அர்த்தம். கோபமாக இருந்தால் கோபமாகவே கேள். திரு இருதயத்திடம் கேட்டாலும் சரி, மாமியாரின் மாரியம்மாவிடம் கேட்டாலும் சரி.

தோட்டத்துச் சனங்களே, நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சாவு வீட்டுக்குப் பதினாறாம் நாள் வரைக்கும் கூட்டம் வரும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் இருட்டு அதிகம். அரிசி தீருவது அப்போதுதான், பள்ளிக்கூட பஸ் காசு தட்டுப்படுவது அப்போதுதான், மனசு விபரீதமாக யோசிப்பதும் அப்போதுதான். சிலுவை சுமந்தவருக்கே வழியில் ஒரு ஆள் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்துகொண்டிருந்த சீமோன் என்ற வழிப்போக்கன் அவன். கடவுளுக்கே உதவி தேவைப்பட்டபோது ஒரு வழிப்போக்கன் தோள்தான் கிடைத்தது. நம் பக்கத்து வீட்டுக்கு நாம்தான் சீமோன்.

பாட்டி சொன்ன காலின் தெம்பு தனியாகச் செபித்து மட்டும் வந்ததில்லை என்று நினைக்கிறோம். மகன் செத்த வருஷம் முழுக்க எதிர் வீட்டு முனியம்மன் பக்தர் குடும்பம்தான் பாட்டிக்குக் காலைத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது. பாட்டியே சொல்லியிருக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் மறுபடி அந்தத் தங்கை வீட்டுக்குப் போகிறோம். இந்த முறை பாரம் எதுவும் கொண்டுபோகப் போவதில்லை. விளக்கம் சொல்லவும் போவதில்லை. யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யப் போகிறோம். சும்மா உட்கார்ந்திருப்போம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ரொட்டியும் பழமும் வாங்கிப் போவோம். சுங்காய்ப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது வருவதாக இருந்தால், காலை பத்து மணிக்குப் பட்டணத்து பஸ் ஸ்டாண்டில் நிற்போம். வாருங்கள், சேர்ந்து போகலாம்.